‘அல்லது’ எப்படி ‘பிறகு’ ஆனது: முதியோர் கல்வியும் சில விதிகளும்

என் மாமா கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருந்தார். எண்பதுகளின் நடுவில், முப்பது வயது தாண்டி, கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல்வழியில் பி.ஏ. வரலாறு சேர்ந்தார். சிதம்பரத்துக்கு அவர் போனது வருஷத்தில் சில நாட்கள்தான். மற்ற நாட்களில் சிதம்பரம்தான் அவரைத் தேடி வந்தது, காக்கி உறையில், தபால்காரர் சைக்கிளில். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பாடப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்காருவார். பக்கத்து வீட்டு டிவியில் ஒளியும் ஒலியும் ஓடினாலும் எழுந்திருக்க மாட்டார். அந்தப் பட்டத்தால்தான் அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

பரண் சுத்தம் பண்ணும்போது அந்தப் புத்தகங்கள் கிடைத்தன. ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. அதைப் பார்த்ததும், இந்த மாதிரி வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்களை எது உள்ளே இழுத்தது, எது வெளியே தள்ளியது என்று தேட ஆரம்பித்தேன். நான் கல்வித் துறை ஆள் இல்லை. பி.இ. முடித்துவிட்டு இருபது வருஷமாக கோட் எழுதுகிறவன். வார இறுதிகளில் அரசாணை, தீர்ப்பு, பல்கலைக்கழக மானியக் குழு விதிகள் என்று படித்ததில் எனக்குப் புரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதியோர் கல்வி என்றதும் நமக்கு ஞாபகம் வருவது வாத்தியார், புத்தகம், வகுப்பு, அப்புறம் படிக்கிறவருடைய வைராக்கியம். இதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் நாடு நாடாகப் பார்த்தால் வித்தியாசத்தை உண்டாக்குவது வேறு மூன்று கேள்விகள். யாரை உள்ளே விடுவது? யார் காசு கொடுப்பது? படித்து முடித்தவர் கையில் இருக்கும் சான்றிதழை யார் மதிப்பது? முதல் இரண்டைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். மூன்றாவதைப் பற்றிப் பேச்சே இல்லை. நம் பக்கத்தில் நிறைய பேர் தலையெழுத்தை அதுதான் மாற்றியிருக்கிறது.

முதலில் கொஞ்சம் வரலாறு. இந்தியாவில் அஞ்சல்வழிப் பட்டப்படிப்பு 1962இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இல் வந்தது. தொலைநிலைக் கல்வியை ஆரம்பித்தது 1979இல். ஏற்கெனவே பேராசிரியர்கள் இருக்கிறார்கள், அச்சகம் இருக்கிறது, பெயர் இருக்கிறது. புதிதாகக் கட்டடம் தேவையில்லை. மாணவருக்கோ வேலையை விடத் தேவையில்லை. குமாஸ்தாக்கள், ஆசிரியர்கள், போலீஸ்காரர்கள், கல்யாணத்தோடு படிப்பை விட்ட பெண்கள் எல்லோரும் வந்தார்கள். தேர்வு சமயத்தில் சிதம்பரம் லாட்ஜில் ரூம் கிடைக்காது என்று மாமா சொல்வார்.

அடுத்த கட்டம்தான் முக்கியம். 1982இல் ஆந்திராவில் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது, 1985இல் இக்னோ சட்டம் வந்தது. அதே 1985இல் மானியக் குழு, தொலைநிலைப் பட்டப் படிப்புகளுக்கு ஒரு விதி போட்டது. அதன் சாரத்தை என் தொழில் பாஷையில் சொன்னால் இப்படி: முதல் பட்டத்தில் சேர 12 ஆண்டு பள்ளிப் படிப்பு முடித்திருக்க வேண்டும், ‘அல்லது’, பழைய கல்விச் சான்று எதுவும் இல்லாவிட்டால் 21 வயது முடிந்து, பல்கலைக்கழகம் நடத்தும் நுழைவுத் தேர்வில் தேற வேண்டும்.

இந்த ‘அல்லது’வை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாவதில் படிப்பை விட்டுவிட்டு மெக்கானிக் ஷாப்புக்குப் போன ஒருவனுக்கு இந்திய அரசு எழுத்தில் திறந்து வைத்த கதவு அது. நீ பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தாயா என்று கேட்கவில்லை. இப்போது உனக்கு என்ன தெரியும், அதைக் காட்டு என்று கேட்டது.

இந்தக் கதவு வழியாக வந்த ஒருவரை எனக்குத் தெரியும். எந்த அலுவலகம், எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுதப் போவதில்லை. அப்பா இறந்ததும் ஒன்பதாவதோடு நின்றவர். அரசு வேலையில் கடைநிலைப் பணியாளர். 27 வயதில் நுழைவுத் தேர்வு எழுதி, மூன்று வருஷம் படித்து பி.ஏ. வாங்கினார். பதவி உயர்வுக்குப் பட்டம் போதும் என்றுதான் எல்லோரும் அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

பிப்ரவரி 2009இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்தது. வழக்கில் ஒரு தரப்பு அண்ணாமலைப் பல்கலைக்கழகம். திறந்தநிலை முறையில், முதல் பட்டமே இல்லாமல் நேரடியாக வாங்கிய எம்.ஏ. செல்லுமா என்பது கேள்வி. செல்லாது, 1985 விதி திறந்தநிலைப் படிப்புகளையும் கட்டுப்படுத்தும் என்றது நீதிமன்றம். தீர்ப்பில் எனக்குப் பெரிய குறை தெரியவில்லை. அந்த விதியே முதுகலைக்கு முதல் பட்டம் வேண்டும் என்றுதான் சொல்கிறது.

ஆனால் அதே ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் தேதி தமிழ்நாடு அரசின் பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை அரசாணை எண் 107ஐ வெளியிட்டது. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் தேறிய ‘பிறகு’ பெற்ற திறந்தநிலைப் பட்டங்கள்தான் அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் செல்லும் என்றது அது. தீர்ப்பு பேசியது பட்டம் இல்லாத முதுகலையைப் பற்றி. அரசாணை எட்டிப் பிடித்தது +2 இல்லாத இளங்கலையையும். மானியக் குழு விதியில் ‘அல்லது’ என்று இருந்த இடத்தில், வேலை கொடுக்கிறவருடைய விதியில் ‘பிறகு’ வந்து உட்கார்ந்துகொண்டது.

எங்கள் தொழிலில் இது தினமும் நடக்கிற கூத்து. ஒரு டீம் உள்ளே வரும் தரவுக்கு ஒரு சோதனை எழுதும். வெளியே போகும் இடத்தில் இன்னொரு டீம் வேறு சோதனை எழுதும். நடுவில் மாட்டிக்கொண்ட ரெக்கார்டுகள் எர்ரர் லாகில் கிடக்கும். இங்கே லாகில் கிடப்பது மனுஷர்கள்.

நம்ம ஆள் சும்மா இருக்கவில்லை. 35 வயதுக்கு மேல் தனித்தேர்வராகப் பத்தாவது எழுதினார். அப்புறம் +2 எழுதினார். ஹால் டிக்கெட் போட்டோவில் அவருக்கு நரைமுடி. இரண்டும் பாஸ். இப்போது அவரிடம் பத்தாவது, +2, பட்டம் மூன்றும் இருக்கின்றன. வரிசைதான் தப்பு. பட்டம் முதலில் வந்துவிட்டது. ஃபைலை என் முன்னால் பிரித்து வைத்து, "நான் படிச்சதுல எது பொய்னு சொல்லட்டும் சார், ஒத்துக்கறேன்" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அரசுத் தரப்பையும் சொல்ல வேண்டும். பரீட்சைத் தாளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்காத குறையாகப் பட்டம் விற்ற இடங்கள் நாட்டில் இருந்தன. முறையாக +2 முடித்து, கல்லூரிக்குப் போய்ப் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவர், ‘இவருக்கு மட்டும் குறுக்கு வழியா’ என்று கேட்டால் அது நியாயமான கேள்விதான். ஆனால் தரம்தான் பிரச்சினை என்றால் அந்த நுழைவுத் தேர்வை இறுக்கியிருக்கலாம். பட்டம் வைத்திருப்பவருக்குத் தனியாக ஒரு தகுதித் தேர்வு வைத்திருக்கலாம். தெரிந்ததைச் சோதிக்காமல், தெரிந்துகொண்ட வரிசையைச் சோதிப்பது எந்தத் தரத்தைக் காப்பாற்றுகிறது?

இன்னொன்று. என் மாமாவும் +2 படித்தவர் இல்லை! தமிழ்நாட்டில் +2 வந்ததே 1978இல்தான். அவர் படித்தது பழைய 11ஆம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி., அதற்கு மேல் ஒரு வருஷம் பி.யூ.சி. 11+1+3 என்று கூட்டிப் பார்த்து, 10+2+3க்குச் சமம் என்று அரசு ஏற்றுக்கொண்டது. சமன் செய்வது எப்படி என்று அரசுக்கு நன்றாகத் தெரியும். யாருக்குச் செய்வது என்பதில்தான் கொள்கை இருக்கிறது.

சிதம்பரம் கதையில் இன்னொரு அத்தியாயமும் உண்டு. அண்ணாமலைக்குத் தமிழ்நாட்டுக்கு வெளியேயும் படிப்பு மையங்கள் இருந்தன. தொலைநிலைக் கட்டணம் நல்ல வருமானம். 2013இல், நிதி நெருக்கடிக்குப் பின், மாநில அரசு தனிச் சட்டம் போட்டு பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டது. அதே காலத்தில் மானியக் குழு, மாநிலப் பல்கலைக்கழகங்கள் தங்கள் எல்லையைத் தாண்டித் தொலைநிலைக் கல்வி நடத்தக் கூடாது என்று இறுக்கியது. இழுபறி பல வருஷம் நடந்தது. மார்ச் 2022இல் மானியக் குழு ஒரு பொது அறிவிப்பு விட்டது: அண்ணாமலையின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014–15 கல்வியாண்டு வரைதான் அங்கீகாரம் உண்டு என்று. இப்போது அனுமதியோடு படிப்புகள் மறுபடி நடக்கின்றன. ஆனால் நடுவில் சேர்ந்து, கட்டணம் கட்டி, தேர்வெழுதியவர்கள் அந்த அறிவிப்பைப் பேப்பரில் படித்த காலையை நினைத்துப் பாருங்கள். மத்திய அமைப்பும் மாநிலப் பல்கலைக்கழகமும் எல்லைக் கோட்டைப் பற்றிச் சண்டை போட்டபோது கோட்டின் மேலே நின்றவர்கள் அவர்கள்.

பிரிட்டனில் இதே கதவை எப்படித் திறந்தார்கள் என்று பார்த்தால் வித்தியாசம் புரியும். 1969இல் ஹரால்டு வில்சன் ஆட்சிக் காலத்தில், ஜென்னி லீ என்ற அமைச்சரின் பிடிவாதத்தால், ஓப்பன் யுனிவர்சிட்டி பிறந்தது. 1971இல் முதல் மாணவர்கள். பள்ளிச் சான்றிதழ் எதுவும் கேட்பதில்லை. அதற்கு அரச சாசனம் கொடுத்து, மற்றப் பல்கலைக்கழகப் பட்டத்துக்கு இருக்கிற அதே மதிப்பைக் கொடுத்தார்கள். உள்ளே வரும் வாசலும் வெளியே போகும் வாசலும் ஒரே கையால் கட்டப்பட்டவை.

அதனால் அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். அங்கே இடித்தது இரண்டாவது கேள்வி, காசு. 2008இல் இங்கிலாந்தில், ஏற்கெனவே ஒரு பட்டம் வைத்திருப்பவர் அதே நிலையில் இன்னொன்று படித்தால் அதற்கான அரசு மானியத்தை நிறுத்தினார்கள். 2012இல் கற்பித்தலுக்கான மானியத்தைப் பெரும்பாலும் வெட்டிவிட்டு, கட்டணத்தை ஏற்றி, கடன் வாங்கிக் கட்டு என்றார்கள். 18 வயதுப் பையன் கடன் வாங்குவான். அவனுக்கு முன்னால் நாற்பது வருஷ சம்பளம் இருக்கிறது. வீட்டுக் கடனும் பிள்ளைகளும் உள்ள 40 வயதுக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஒதுங்கிவிட்டார். பத்து வருஷத்துக்குள் இங்கிலாந்தில் பகுதி நேரமாக இளங்கலை படிக்கச் சேருகிறவர்கள் பாதிக்கும் கீழே போய்விட்டார்கள். அதே பல்கலைக்கழகத்தில் சேரும் ஸ்காட்லாந்துக்காரருக்கு, வருமானம் குறைவு என்றால் கட்டணத்தை அரசே கொடுக்கிறது. வேல்ஸ் 2018இல் பகுதி நேர மாணவர்களுக்கும் செலவுக்கு உதவித்தொகை தர ஆரம்பித்ததும் அங்கே சேர்க்கை ஏறியது. ஒரே பல்கலைக்கழகம், ஒரே புத்தகம், மூன்று அரசுகள், மூன்று விதமான கூட்டம். கொள்கையின் எடையைக் காட்ட இதைவிட நல்ல பரிசோதனை எனக்குக் கிடைக்கவில்லை.

சிங்கப்பூரில் 25 வயதான குடிமகன் ஒவ்வொருவர் கணக்கிலும் படிப்புக்கென்று 500 டாலர் போட்டார்கள்; 2024 முதல் 40 வயதானவர்களுக்கு மேலும் 4000. ஆனால் அதை அரசு ஒப்புக்கொண்ட படிப்புகளில்தான் செலவழிக்க முடியும். அங்கே முதியோர் கல்வி என்றால் வேலைத் திறன். ஸ்வீடன் நேர் எதிர்ப் பக்கம். அங்கே ‘படிப்பு வட்டம்’ என்று பத்துப் பேர் கூடிப் படிப்பதற்கு அரசு மானியம் உண்டு. பரீட்சை கிடையாது, மார்க் கிடையாது. அதோடு 1975 முதல் நடப்பில் உள்ள ஒரு சட்டத்தின்படி, வேலையில் இருப்பவர் படிக்க விடுப்பு கேட்டால் முதலாளி கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம், மறுக்க முடியாது. எனக்கு இதில் பொறாமை. மாமாவுக்குத் தேர்வு லீவு வாங்குவதே ஒரு தேர்வாக இருந்தது. தென் கொரியா 1998இல் ஒரு ‘மதிப்பெண் வங்கி’ திறந்தது: அங்கீகரித்த வெவ்வேறு இடங்களில் துண்டு துண்டாகப் படித்ததைச் சேர்த்து வைத்துக்கொண்டே வந்தால், போதுமான அளவு சேர்ந்ததும் பட்டம். நம்ம ஆளுடைய ஃபைலை அங்கே கொண்டுபோயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தேன்.

சரி, பட்டத்தை விடுவோம். எழுத்தே தெரியாதவர்கள் விஷயத்திலும் இதே மூன்று கேள்விகள்தான்.

இந்தியாவில் தேசிய முதியோர் கல்வித் திட்டம் 1978 அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கியது. 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம். எர்ணாகுளம் 1990இல் முழு எழுத்தறிவு மாவட்டமானது. 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம். கல் குவாரிப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றது உலகச் செய்தியானது. அந்த அலை எங்கள் தென்னாற்காடு பக்கமும் வந்தது. புவனகிரி பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் அத்தை அதில்தான் எழுத்துக் கற்றார். மாரியம்மன் கோயில் திண்ணையில், தெருவிளக்கு வெளிச்சத்தில், நடவு முடிந்து வந்து குளித்துவிட்டு. முதல் பாடத்திலேயே ‘பட்டா’ என்ற சொல் வந்ததாம். ‘அம்மா, ஆடு’ என்று ஆரம்பிக்காமல் நிலத்தில் ஆரம்பித்தது அவருக்குப் பிடித்திருந்தது.

அந்த இயக்கத்தின் தேசிய இலக்கு 15 முதல் 35 வயது வரை உள்ளவர்கள். அத்தைக்கு அப்போது 47. "முப்பத்தஞ்சுக்கு மேல இருந்தா கணக்குல வராதாம்டா. அந்தப் பொண்ணு முப்பத்துநாலுன்னு எழுதிக்கிச்சு" என்று இப்போதும் சிரிப்பார். சொல்லிக்கொடுத்த தன்னார்வலர் செய்தது சின்னப் பொய். அந்தப் பொய் இல்லாவிட்டால் அத்தை திண்ணையில் உட்கார்ந்திருக்கலாம், பதிவேட்டில் இருந்திருக்க மாட்டார். வேலை செய்யும் வயதினருக்கு முதலில் சொல்லிக்கொடுத்தால் பலன் அதிகம் என்று திட்டமிட்டவர்கள் நினைத்திருப்பார்கள். கொடுக்கிற பணத்துக்கு அது சரியான கணக்காகவும் இருக்கலாம்.

2009 செப்டம்பர் 8ஆம் தேதி வந்த சாக்‌ஷர் பாரத் வயது வரம்பை எடுத்துவிட்டு 15க்கு மேல் எல்லோரும் என்றது. ஆனால் வேறொரு கோடு போட்டது: 2001 கணக்கெடுப்பில் வயது வந்த பெண்களின் எழுத்தறிவு 50 சதவீதமோ அதற்குக் குறைவோ உள்ள மாவட்டங்கள்தான் முக்கியமாக உள்ளே. 51 இருந்தால் உன் மாவட்டம் தேறிவிட்டது! மீதி 49 பேர் எங்கே போவது? 2011 கணக்கெடுப்பில் கடலூர் மாவட்டத்தின் எழுத்தறிவு சுமார் 78 சதவீதம். மாநிலம் 80. அந்தக் கணக்கெடுப்பில் யாரும் பேனாவைக் கொடுத்து எழுதச் சொல்வதில்லை. எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்டுக் குறித்துக்கொள்வதுதான்.

சாக்‌ஷர் பாரத் மார்ச் 2018இல் முடிந்தது. இப்போது நடப்பது 2022–27க்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம். ஐந்து வருஷத்துக்கு 1037.90 கோடி ரூபாய், ஐந்து கோடிப் பேர் இலக்கு. வகுத்துப் பார்த்தால் தலைக்கு சுமார் 208 ரூபாய். சொல்லிக்கொடுப்பவர் சம்பளமில்லாத் தன்னார்வலர். ஒரு நோட்டு, பென்சில், தேர்வுத்தாள் போக எவ்வளவு மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கொள்கைக் குறிப்பில் எத்தனை பெரிய வார்த்தை இருந்தாலும் நான் முதலில் பார்ப்பது இந்த வகுத்தலைத்தான்.

அறிவொளி முடிந்ததும் அத்தையின் கிராமத்தில் படிக்க எதுவும் வரவில்லை. கொஞ்ச காலம் பஸ் போர்டு படித்தார், ரேஷன் கார்டு படித்தார். மெல்ல மெல்ல விட்டுப்போனது. இப்போது எண்பதை நெருங்குகிறார். பெயரை அழகாக எழுதுவார்; பேப்பரில் தலைப்பை எழுத்துக்கூட்டிப் படித்து நிறுத்திவிடுவார். இதைப் படிப்பவர்களில் யாராவது தொலைநிலையிலோ ஆன்லைனிலோ சேரப் போகிறீர்கள் என்றால், விளம்பரத்தை நம்பாமல் மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில், நீங்கள் சேரும் அதே ஆண்டுக்கு, அதே படிப்பின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. பதவி உயர்வுக்காகப் படிக்கிறீர்கள் என்றால், கட்டணம் கட்டுவதற்கு முன்பே உங்கள் துறையில் எழுத்து மூலம் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அத்தையிடம் புதிய திட்டத்தைப் பற்றிச் சொன்னேன். இப்போது மேல் வயது வரம்பு இல்லை, வேண்டுமானால் மறுபடி சேரலாம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சாயங்காலம்தானே வைப்பாங்க? வெளிச்சம் பத்தாதுடா, கண்ணு ஆபரேசன் முடியட்டும்" என்றார். சிதம்பரத்தில் கண் டாக்டரிடம் தேதி வாங்கியிருக்கிறோம்.